கிணற்று மூடி: மன்னார்த் தீவின் மலேரியா வரலாற்றிலிருந்து

இலங்கை மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் வழங்கியது. உள்நாட்டிலேயே நோய் தொற்றிய கடைசி ஆள் 2012 ஒக்டோபரில் பதிவானவர். அதன்பின் இந்த மண்ணில் நுளம்பு வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மலேரியா பரவவில்லை என்பதைப் பல ஆண்டு இரத்தப் பரிசோதனைகளின் மூலம் உறுதிசெய்த பிறகே அந்தத் தாள் கைக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சலுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு நாட்டுக்கு அது சிறிய காரியமல்ல. ஆனால் அதே ஆண்டு டிசெம்பரில், சான்றிதழின் மை காயுமுன்பே என்று சொல்லலாம், இலங்கையில் அதுவரை பதிவாகியிராத ஒரு மலேரியா நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடிக்கப்பட்ட இடம் எங்கள் மன்னார்த் தீவு. அது குடியிருந்த இடம் எங்கள் கிணறுகள்.

அந்த நுளம்பின் பெயர் அனோபிலிஸ் ஸ்டீபன்சி. ஸ்டீபன்ஸ் என்ற ஆங்கில ஒட்டுண்ணியியல் அறிஞரின் பெயரால் அழைக்கப்படுவது. இலங்கையில் மலேரியாவை நூற்றாண்டுகளாகப் பரப்பிய பழைய எதிரி இன்னொருத்தி, அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ். அவள் ஆறு வற்றும்போது மணலில் தேங்கும் தெளிந்த குட்டைகளிலும், கைவிட்ட குழிகளிலும், மாட்டுக் குளம்படித் தடங்களிலும்கூட முட்டையிடுவாள். ஆகவே மலேரியா காட்டோரத்துக்கும் ஆற்றங்கரைக்கும் உரிய நோய், நகரத்தவருக்கு அதில் பெரிய பயமில்லை என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். ஸ்டீபன்சியின் போக்கு வேறு. சென்னையிலும் மும்பாயிலும் நெடுங்காலமாக நகர மலேரியாவைப் பரப்பி வருவது இதுதான். மனிதன் குடிக்கவும் குளிக்கவும் சேர்த்து வைக்கும் நீரே இதற்குப் போதும். வீட்டுக் கிணறு, சீமெந்துத் தொட்டி, கூரைமேல் வைத்த கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கி, மூடாத பீப்பாய் எதுவும் சரி. நம்முடைய வீடுதான் இதன் காடு.

மன்னார்த் தீவின் நீரைப் பற்றி வெளியூர் வாசகருக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தீவு முழுக்க மணல். ஆறு இல்லை, பெருங்குளம் இல்லை. கட்டுக்கரைக் குளமெல்லாம் பெருநிலத்தில் இருக்கிறது. ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. அந்த மெல்லிய நன்னீர்தான் தீவின் உயிர். ஆழமாகத் தோண்டினால் உவர் ஏறும். எனவே கிணறுகள் ஆழமற்றவை; கையெட்டும் தூரத்தில் தண்ணீர் தெரியும். ஓலைத்தொடுவாய் போன்ற ஊர்களில் வளவுக்கு ஒரு கிணறு, தோட்டத்துக்கு ஒரு துரவு, வாடிப் பக்கத்தில் மணலைக் கையால் தோண்டிய பூவல் என்று மனிதர் நடமாடும் இடமெல்லாம் நீர் திறந்து கிடக்கும். ஊரின் பெயரைப் பாருங்கள். தொடுவாய் என்றால் கடலும் களப்பும் ஒன்றையொன்று தொடும் வாய். பனையோலையும் நீரும் சேர்ந்து ஓர் ஊருக்குப் பெயராகியிருக்கின்றன.

இவ்வளவு நீர் திறந்து கிடந்த இடத்தில் பழைய ஆட்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டால், என் விடை கிணறு இறைப்பு. கச்சான் காற்று ஓய்ந்து மாரி வருமுன், கிணற்றில் நீர் ஆகக் குறைந்திருக்கும் நாளாகப் பார்த்து அயலவர் நாலைந்து பேர் கூடுவார்கள். ஊற்று ஊறுவதைவிட வேகமாக இறைக்க வேண்டும் என்பதால் ஒரு வீட்டாரால் மட்டும் ஆகிற வேலை அல்ல அது. இருவர் உள்ளே இறங்குவார்கள். பாசி சுரண்டி, சேறு வாரி, விழுந்து கிடக்கும் வாளியும் தேங்காய்ச் சிரட்டையும் பிள்ளைகளின் பந்தும் மேலே வரும். கடைசியில் கொஞ்சம் சுண்ணாம்பு. இன்று என் வீட்டுக் கிணறு, நாளை உன் வீட்டுக் கிணறு. கூலி கிடையாது, கஞ்சி உண்டு. இதற்கு எவரும் சுகாதாரம் என்றோ சமூக சேவை என்றோ பெயர் சூட்டவில்லை. பள்ளிவாசல் ஹவுழில் சிறுமீன் விட்டு வளர்ப்பதும் அப்படித்தான். வுழூச் செய்ய உட்கார்ந்த சிறுவர்களின் விரலைக் கொத்தும் அந்த மீன்கள் அழகுக்காக விடப்பட்டவை என்றே நான் நெடுநாள் நம்பியிருந்தேன். தேங்கிய நீரில் புழு வராமல் அவை காத்தன என்பது பின்னாளில் வாசித்து அறிந்தது.

தீவுக்கு நோய் புதியதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்குச் சென்ற தமிழகத் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்தார்கள். அந்த வடக்கு வீதியில் வாந்திபேதி எத்தனை பேரை விழுத்தியது என்பது நம் வரலாற்றின் எழுதப்படாத கல்லறை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியபின், இலங்கை அரசு கடலுக்கு அப்பால் மண்டபத்தில் ஒரு தடுப்பு முகாமை நடத்தியது. தோட்டத்துக்குப் போகிறவர்களை நாள்கணக்கில் நிறுத்திவைத்துப் பரிசோதித்த பிறகே கப்பலேற்றினார்கள். நோயை வாசலில் மறிப்பது என்ற அந்தக் கொள்கை ஏழைகளின்மேல் மட்டும் கடுமையாக விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் வகுப்பில் வந்தவரை எவரும் முகாமில் படுக்க வைக்கவில்லை.

மலேரியாவின் பெருங்கொள்ளை 1934–35இல் வந்தது. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்து, கேகாலை, குருநாகல் பகுதிகளின் ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. வரண்ட வலயத்து மக்களுக்கு ஆண்டுதோறும் காய்ச்சல் கண்டு ஓரளவு தாங்கும் சக்தி இருந்தது. ஈரவலயத்தவருக்கு அது இல்லை. சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். பசியும் காய்ச்சலும் கைகோத்த அந்தக் காலத்தில்தான் சூரியமல் இயக்கத்தின் இளைஞர்கள் கிராமங்களுக்கு இறங்கினார்கள். டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க, என்.எம். பெரேரா போன்றவர்கள் வீடு வீடாக மருந்தும் உணவும் கொண்டுபோனார்கள். பருப்புப் பகிர்ந்த என்.எம். பெரேராவுக்கு ‘பருப்பு மாத்தயா’ என்ற பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. பின்னாளில் அவர் நிதியமைச்சராக வாசித்த வரவு செலவுத் திட்டங்களைவிட இந்தப் பெயர் எனக்குப் பெரிதாகப்படுகிறது. கொயினா மாத்திரை மட்டும் போதாது, வயிற்றில் ஏதாவது இருந்தால்தான் உடம்பு எழும்பும் என்பதை அவர்கள் களத்தில் நின்று கண்டார்கள்.

பிறகு டீ.டீ.ரீ. வந்தது. 1946இல் இருபத்தேழு இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர் பதிவான நாட்டில், வீட்டுச் சுவர்களுக்கு மருந்தடிக்கத் தொடங்கிய பதினேழு ஆண்டுகளில் எண்ணிக்கை 17 ஆனது. இலட்சமோ ஆயிரமோ அல்ல, 1963இல் நாடு முழுக்கப் பதினேழே பேர். உலகம் வியந்தது. மருந்தடிப்பு நிறுத்தப்பட்டது, ஆட்கள் வேறு வேலைக்கு மாற்றப்பட்டார்கள், பணம் வேறு பக்கம் போனது. 1967இன் பிற்பகுதியில் மழை குறைந்தது. ஆறுகள் மீண்டும் குட்டைகளாயின. 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேல் நோயாளர். அதற்குள் நுளம்பு டீ.டீ.ரீ.யைத் தாங்கப் பழகிக்கொண்டிருந்தது. 1977இல் மலத்தியனுக்கு மாற வேண்டியதாயிற்று. சுகாதார வரலாறு எழுதுவோர் இதை நிர்வாகத் தவறு என்பார்கள். எனக்கு இதில் தெரிவது வேறொன்று. அந்தப் பதினேழு ஆண்டுகளில் மருந்தடிக்க வந்தவர் வேலைசெய்தார், வீட்டுக்காரர் சுவரிலிருந்த படத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே நின்றார். காய்ச்சலைத் தடுப்பது அரசாங்கத்து ஆளின் உத்தியோகமாகிப்போனது. அவர் வராமல் விட்டபோது, வீட்டாரின் கையில் தொடர்வதற்கு ஒரு பழக்கமும் இருக்கவில்லை.

போர்க்காலம் எங்கள் பகுதியில் இரண்டையும் சேர்த்தே அழித்தது, அரசாங்கத்து ஆளையும் அயலவரையும். 1990 ஒக்டோபரின் இறுதி நாட்களில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்கும் அங்கிருந்து புத்தளத்துக்கும் போனோம். கிடுகுக் கொட்டில்களில் அடுத்தடுத்துக் கிடந்தோம். ஒரு கிணற்றைச் சுற்றி விடியுமுன்பே குடங்கள் வரிசையில் நிற்கும். அந்த முகாமில் எனக்கும் காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், சொல்லிவைத்தாற்போல் பின்னேரத்தில் குளிர் எடுத்து உடம்பை உலுக்கும். குளோரோகுயின் மூன்று நாள், பிரைமாகுயின் பதினான்கு நாள். முதல் மருந்திலேயே காய்ச்சல் நின்றுவிடும். இரண்டாவது ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமிக்கானது. அதைப் பதினான்கு நாளும் விடாமல் விழுங்கியவர்கள் முகாமில் குறைவு. நாலாம் நாள் எழும்பி நடந்தவன் ஐந்தாம் நாள் மாத்திரையை எறிவான். இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் போர்வைக்குள் கிடப்பான். அவனுடைய இரத்தத்திலிருந்து அடுத்த கொட்டிலுக்கு நுளம்பு கொண்டுபோகும். என் பெரியம்மா மாத்திரைகளைச் சீலைத் தலைப்பில் முடிந்துவைத்து, இரவுச் சோற்றோடு தன் கண்முன்னே விழுங்கவைப்பார். அடுத்த கொட்டில் பிள்ளைகளுக்கும் அவர்தான் கணக்கு. இவ்வளவுதான் நான் நேரில் கண்ட மலேரியா ஒழிப்பு இயக்கம்.

1999இல் நாட்டின் நோயாளர் தொகை 264,000ஐத் தாண்டியது; பெரும்பகுதி போர் நடந்த மாவட்டங்களில். அங்கிருந்து பதின்மூன்றே ஆண்டில் பூச்சியத்துக்கு இறங்கியது ஓர் அதிசயம். மருந்தூட்டிய வலைகள், விரைவுப் பரிசோதனை, நடமாடும் மலேரியா சிகிச்சைக் குழுக்கள், உலக நிதியத்தின் பணம், சர்வோதயம் போன்ற அமைப்புகளின் ஊர்ப் பணியாளர்கள் எல்லாமே அதில் சேர்ந்தன. துப்பாக்கி பிடித்திருந்த இரு தரப்பும் மலேரியா மருந்து செல்லும் பாதையை முற்றாக மூடிவிடவில்லை என்பதையும் நன்றியோடு குறிக்க வேண்டும். சோதனைச் சாவடிகளில் இரத்தப் பூச்சுக் கண்ணாடிகளைப் பெட்டியில் சுமந்து நின்ற வெளிக்கள உத்தியோகத்தர்களின் கதையை யாராவது எழுத வேண்டும்.

2009க்குப் பின் நாங்கள் திரும்பத் தொடங்கியபோது வளவுகளில் முதலில் தேடியது கிணற்றை. கூரை போயிருந்தது, சுவர் போயிருந்தது, கிணறு மட்டும் இருந்தது. பற்றைக்குள் வாய்பிளந்து, பச்சைத் தண்ணீரோடு. எல்லாரும் திரும்பவில்லை. புத்தளத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், தொழில், கலியாண உறவு என்று வேர்விட்டவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வந்து வேலியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுடைய கிணற்றை இறைக்க அயலில் ஆளில்லை. வந்து குடியேறிய இடங்களிலோ புதுக் கிணறுகள் பெருகின. தனவந்தர்களும் நிறுவனங்களும் கிணறு வெட்டிக் கொடுத்தார்கள். கட்டில் பெயர் பொறித்த கல் பதித்தார்கள். தண்ணீர் கொடுப்பது நிலைத்த தர்மம் என்று நாம் படித்திருக்கிறோம், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பெயர்க்கல் உள்ள கிணறுகளை எண்ணிக்கொண்டு போனால் மூடியுள்ள கிணறு அரிது. வெட்டியவர் கணக்கை முடித்துவிட்டார். பராமரிப்பவர் எந்தக் கல்லிலும் இல்லை. பிறகு குழாய்நீர் வந்த வீடுகளில் கிணறு இன்னும் கேட்பாரற்றுப் போனது. இந்த நிலையில்தான் 2016 டிசெம்பரில் அந்த விருந்தாளி பிடிபட்டது.

கிணறும் ஸ்டீபன்சியும் சேர்ந்த வழக்கு இதற்கு நூறாண்டு முன்பே பம்பாயில் நடந்திருக்கிறது. நகரின் கோட்டைப் பகுதியில் மலேரியா பெருகியபோது சார்ள்ஸ் பென்ட்லி என்ற மருத்துவர் ஆராய்ந்து 1911இல் அறிக்கை கொடுத்தார். குற்றவாளி வீட்டுக் கிணறுகள். குழாய்நீர் வந்துவிட்ட நகரத்தில் கிணறுகளை மூடிவிடுங்கள் என்று மாநகரசபை உத்தரவிட்டது. பார்சிகள் கொதித்தெழுந்தார்கள். அவர்களுக்குக் கிணற்று நீர் வழிபாட்டுக்குரியது. சூரிய ஒளி படாமல் அதை அடைப்பது பாவம். கடைசியில் இணக்கம் கண்டார்கள். கிணற்றை மூடலாம், ஆனால் நெருங்கிய கம்பிவலை பொருத்திய சிறு கதவு ஒன்று இருக்கும், வேண்டியபோது திறந்து நீர் அள்ளலாம். எனக்கு இந்தத் தீர்வு பிடிக்கிறது. கிணற்றை ஒழிக்காமல் நுளம்பை மறிக்கிறது. ஆனால் அந்தக் கதவை அள்ளிய கையாலேயே சாத்த வேண்டும். ஒருநாள் மறந்தால் முழு மூடியும் வீண். எந்த மாநகரசபையாலும் ஒவ்வொரு கதவின் பக்கத்திலும் ஓர் ஆளை நிறுத்த முடியாது.

அலட்சியம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு ஜிபூட்டி சாட்சி. செங்கடல் வாயிலில் உள்ள அந்தச் சின்ன நாட்டில் 2012இல் மலேரியா நோயாளர் 27 பேர்தான். ஒழித்துவிடலாம் என்று எண்ணியிருந்தார்கள். அதே ஆண்டு அங்கே ஸ்டீபன்சி கண்டுபிடிக்கப்பட்டது. 2020இல் நோயாளர் 73,000க்கு மேல். இலங்கையில் அந்நிலை வரவில்லை. மலேரியா தடை இயக்கத்தினர் மன்னாரில் கிணறு கிணறாக ஏறி இறங்கினார்கள். பாழ்கிணறுகளை மூடினார்கள், மற்றவற்றில் குடம்பி தின்னும் மீன் விட்டார்கள். ஆனாலும் நுளம்பு யாழ்ப்பாணம் உட்பட வடகிழக்கின் வேறிடங்களிலும் பின்னர் காணப்பட்டது. இனி அதை முற்றாக ஒழிப்பது பற்றிப் பேசுவதைவிட, அதன் வாயில் கிருமி கிடைக்காமல் பார்ப்பது பற்றிப் பேசுவதே நடைமுறைக்கு உகந்தது.

கிருமி எங்கிருந்து கிடைக்கும்? பயணிகளிடமிருந்து. ஆண்டுதோறும் சில பத்துப் பேர் வெளிநாட்டிலிருந்து மலேரியாவோடு வந்திறங்குகிறார்கள். இந்தியாவுக்கு வியாபாரத்துக்கும் யாத்திரைக்கும் போனவர்கள், மடகஸ்காருக்கும் ஆபிரிக்காவுக்கும் இரத்தினக்கல் தேடிப் போனவர்கள். இவர்களில் நம்மவர் கணிசம். போகுமுன் தடுப்பு மாத்திரை இலவசமாகவே மலேரியா தடை இயக்கத்தில் கிடைக்கிறது; வாங்குவோர் குறைவு. திரும்பி வந்து காய்ச்சல் கண்டால், நான் இன்ன நாட்டுக்குப் போய்வந்தேன் என்று டொக்டரிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாததால் டெங்கு என்று நினைத்து நாட்கள் போகின்றன. 2018 டிசெம்பரில் மொனராகலையில், வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரின் தொற்று நுளம்பு வழியாக உள்ளூர்வாசி ஒருவருக்குப் பரவியது. சான்றிதழுக்குப் பிறகு இந்த மண்ணில் நடந்த முதல் பரவல் அது. உடனே கண்டுபிடித்ததால் அங்கேயே நின்றது.

அண்மையில் ஓலைத்தொடுவாயில் சில வளவுகளைச் சுற்றிப் பார்த்தேன். பல கிணறுகளின்மேல் பழைய மீன்வலையை விரித்துக் கட்டியிருக்கிறார்கள். இலையும் காகமும் விழாது, பிள்ளைகளுக்கும் காவல். ஆனால் நுளம்புக்கு அந்தக் கண் அரண்மனை வாசல். நுளம்புவலைத் துணியை அதன் கீழே ஒரு மடிப்பாகச் சேர்த்துத் தைத்தால் போதும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு நம் வெயிலில் ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை தொட்டியைக் காலிசெய்து சுவரைத் தேய்த்தால் ஒன்றும் முதிராது. கிணற்றைப் பார்க்க ஒரு முகக்கண்ணாடி போதும். வெயிலை அதில் பிடித்து உள்ளே அடித்தால் நீர்மட்டம் பளிச்சென்று தெரியும். தலைகீழாகத் தொங்கும் புழு சாதாரண நுளம்பினது; நீரின் மேற்பரப்போடு ஒட்டிப் படுத்திருப்பது அனோபிலிஸ். இதைப் பத்து வயதுப் பிள்ளைக்குக் காட்டிக் கொடுத்தால் அது விளையாட்டாகவே செய்யும்.

மீன் விடயத்தில் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளத்துக்குப் பின் வயிற்றோட்டம் வராமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுக்குக் குளோரின் போடுவார், போடத்தான் வேண்டும். மீன் செத்துப்போகும். கிணறு இறைத்தாலும் அதே கதை. ஒரு நன்மை இன்னொன்றை அழிக்காமலிருக்க, குளோரின் வாடை போனபின் யாராவது மறுபடி மீன் விட வேண்டும். திணைக்களத்துக்காரர் வரும்வரை காத்திருந்தால் மாதமாகிவிடும். நான் பார்த்த ஒரு வளவில், உடைந்த சலவைத் தொட்டியொன்றைச் சீமெந்து பூசிச் செப்பனிட்டு அதில் கப்பி மீன் வளர்த்துக்கொண்டிருந்தார் ஒரு வயோதிப மாது. மேலே ஓலைத்தட்டி நிழல். தண்ணீர்ப் பாசியும் கொஞ்சம் தவிடும் தீனி. யார் கேட்டாலும் ஜாம் போத்தலில் ஏழெட்டு மீன் அள்ளிக் கொடுக்கிறார், காசு வாங்குவதில்லை. பூட்டிக் கிடக்கும் பக்கத்து வளவுக் கிணற்றுக்கும், அதன் சொந்தக்காரர் புத்தளத்தில் இருக்கிறார், வேலிக்கு மேலால் எட்டிப் போத்தலைக் கவிழ்த்துவிட்டு வருவாராம். அவர் அறிவாரா என்று கேட்டேன். “அவருக்கு என்னத்துக்குத் தம்பி சொல்லணும், நுளம்பு வேலியைப் பாத்தா வருது?” என்றார்.